மணி அடித்ததும் திரும்ப வேண்டும்

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த பயிற்சி நோட்டு தனியாக இருக்கிறது. அதில் தினமும் "இன்று குழந்தைகளுடன் பழகியது இனிய அனுபவமாக இருந்தது" என்பது போல் ஏதாவது எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று வாரத்துக்கான இனிய அனுபவத்தையும் நேற்றே எழுதி முடித்துவிட்டேன். இது என் சொந்த நோட்டு. இதில் உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

பத்தாம் வகுப்பில் கணக்கு என் காலை வாரிவிட்டது. சயின்ஸ் குரூப் கேட்ட என்னைத் தொழிற்பிரிவில் தள்ளி, மழலையர் கல்வி என்று ஒரு பாடத்தில் உட்கார வைத்தார்கள். அதன் பலனாக, பிளஸ் ஒன் படிக்கிற நான் இப்போது ஒரு ப்ளே ஸ்கூலில் அடுத்தவர் பெற்ற பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்க வேண்டும். ஒழுங்காகத் துடைத்தால் கடைசியில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அது இல்லாவிட்டால் அகமதிப்பீட்டு மார்க் கிடையாது. "இதுலயாவது கோட்ட விடாம வா" என்று அப்பா வாழ்த்தி அனுப்பினார்.

ப்ளே ஸ்கூலின் பெயர் லிட்டில் பெலிக்கன். கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு, மஞ்சள் பெயின்ட். போர்டில் வரைந்திருப்பது வாத்து. பெலிக்கனுக்கு வாய்க்குக் கீழே பை தொங்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "பாக்கறவங்களுக்கு அழகா இருந்தாப் போதும் அம்முணி" என்றார் சாந்தாமணி மேடம். அவர்தான் முதலாளி. இந்த இடத்தில் எல்லாமே அந்த விதிப்படிதான் நடக்கிறது என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது.

என்னோடு வந்திருப்பவள் என் வகுப்புக் கோகிலவாணி. பிள்ளைகளைப் பார்த்ததும் "செல்லங்களா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடனே ஒரு செல்லம் அவள் மடியில் ஏறி மூத்திரம் போனது. அவள் அதற்கும் சிரித்தாள். இவளோடு மூன்று வாரம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எங்கள் இருவரையும் மேய்ப்பவர் பூங்கொடி மிஸ். பிரீ கே.ஜி.க்கு அவர்தான். நான் சும்மா நின்றால் அவருக்குப் பொறுக்காது. "ஏன் அம்முணி, அந்தப் பக்கம் மூணு மூக்கு ஒழுகுது, நீ செவுத்தப் பாத்துட்டு நிக்கறே?"

காலையில் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றில் இங்கிலீஷ் பாட்டுப் போடுகிறார்கள். தெருவே அதிர்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கையை ஆட்டிக் குதிக்க வேண்டும். குதித்தார்கள். மிஸ்ஸும் குதித்தார். கோகிலா யாரும் கேட்காமலே குதித்தாள். நான் குதிப்பதாக இல்லை.

என்னைத் தவிர இன்னொருவனும் குதிக்கவில்லை. தர்ஷித் என்று பெயர், மூன்றரை வயது, நெற்றியில் திருஷ்டிப் பொட்டு. நேராக ஸ்பீக்கரிடம் போய் இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்தினான். கன்னத்தையும் வைத்து அழுத்தினான். மிஸ் இழுத்து வந்து உட்கார வைத்தார். மறுபடி எழுந்து போய்ப் பொத்தினான். இந்தக் கட்டடத்தில் முதன்முதலாக எனக்கு ஒருவரைப் பிடித்தது.

"அவன் அப்படித்தான். வாயத் தொறக்க மாட்டான். கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். ஆனா கதவ டமார்னு சாத்திப் பாரு, ஒடனே நிமுருவான். காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது. வேணும்னே பண்றான், திமிரு" என்றார் மிஸ்.

இருக்கட்டுமே. வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லாம் "யெஸ் மிஸ்" என்று கத்துகிறதுகள். இவன் தன் பெயரைக் காதிலேயே வாங்காமல், சம்மணம் போட்டு, பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறான். பண்ணையைப் பார்க்க வந்த ஜமீன்தார்தான். ஜமீன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

ஒருவன் என் மேல் வாந்தி எடுத்தான். கோகிலா ஓடி வந்து "பாவம்டி" என்றாள். பாவம் என்றது அவனை.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று தொழில் ரகசியம் ஒன்று கற்றுக்கொண்டேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் அந்தப் பிள்ளை வருஷம் முழுக்க வரைந்த படம், எழுதிய எழுத்து, ஒட்டிய பஞ்சு எல்லாம் இருக்க வேண்டும். பெற்றவர்கள் பார்த்துப் பூரித்துப் போவார்கள். நிஜத்தில் பிள்ளைகள் க்ரேயானைத் தின்கின்றன. ஆகவே அத்தனை ஃபைலையும் மிஸ் வரைவார். இந்த வருஷம் நாங்கள் வரைகிறோம்.

நான் வரைந்த பசுவைப் பார்த்துவிட்டு மிஸ் தலையில் அடித்துக்கொண்டார். "இவ்வளவு நல்லா வரைஞ்சா எந்த அப்பன் நம்புவான்? எடது கைல வரை." அட, உண்மைதான். இடது கையில் வரைந்தால் கோடு கோணிக்கொண்டு, மூன்று வயதுப் பிள்ளை வரைந்த மாதிரியே வருகிறது. மத்தியானம் முழுக்க இடது கையால் பசு, வீடு, சூரியன். பிரீ கே.ஜி. முழுவதும் என் இடது கையால் பாஸாகிவிட்டது.

ஜமீனின் ஃபைலுக்கு மட்டும் கொஞ்சம் மெனக்கெட்டேன். ஒரு லாரி, பக்கத்தில் அப்பா, அம்மா, நடுவில் அவன். அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர் என்று மிஸ் சொல்லியிருந்தார். கீழே கோணல்மாணலாக "அம்மா" என்று எழுதினேன். மற்ற ஃபைல்களில் அ, ஆ தான். எங்கள் ஆளுக்கு ஒரு படி அதிகம் இருக்கட்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் அவன் அம்மா வந்தாள். கௌசல்யா என்று பெயர், ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். தயங்கித் தயங்கி மிஸ்ஸிடம் பேசினாள். "டாக்டரு காது டெஸ்ட் எடுக்கச் சொல்றாருங்க மிஸ். கோயமுத்தூர்ல பதினேழாந்தேதி, திங்கக்கெழம வரச் சொல்லிருக்காங்க. அத விட்டா இனிச் சித்திரை தாண்டித்தான் கெடைக்குமாம். எங்க மாமியாரு வேண்டாங்கறாங்க. இருக்கற பையனச் செவிடன்னு ஊரு பூரா சொல்லிட்டு வரப் போறியான்னு ஒரே சத்தம். எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலீங்க."

"ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க" என்றார் மிஸ், மூக்கு ஒன்றைத் துடைத்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வந்தது. பேசப் பிடிக்காத ஒருவனைப் பேச வைக்கக் கோயம்புத்தூர் கொண்டு போகிறார்களாம். இந்தக் கூட்டத்தோடு பேச அவனுக்கு என்ன இருக்கிறது?

பிப்ரவரி 7, வெள்ளி

பதினைந்தாம் தேதி கல்யாண மண்டபத்தில் பட்டமளிப்பு விழா. ஆமாம், பட்டமளிப்பு. கறுப்பு அங்கி, தட்டைத் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம். இன்னும் ஜட்டி போடத் தெரியாததுகளுக்குப் பட்டம்.

நிகழ்ச்சி இப்படி. பிள்ளைகள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்கும். ஒவ்வொரு முதுகிலும் ஜிகினாத் தாளில் டாக்டர், கலெக்டர், இன்ஜினீயர் என்று ஒட்டியிருக்கும். மேடம் மைக்கில் பேசிவிட்டு மணி அடிப்பார். மணி அடித்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் திரும்பிக் கும்பிட வேண்டும். அவ்வளவுதான். இதைப் பழக்குவதற்குள் பூங்கொடி மிஸ்ஸுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஜமீன் திரும்பவில்லை. பக்கத்தில் யாராவது அசைந்தால் முன்னாலேயே திரும்பிவிடுவான், அல்லது எல்லாரும் முடித்த பிறகு திரும்புவான். மிஸ் காதைப் பிடித்துத் திருகினார். எனக்குச் சுருக்கென்றது.

"எங்கிட்ட விடுங்க மிஸ், நான் பழக்கறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே ஆச்சரியம். நான் வேலையைக் கேட்டு வாங்குகிற ஆளே இல்லை.

என் திட்டம் இது. விழா மேடையின் பின்திரை இடுக்கில் நான் நிற்பேன். முதுகைக் காட்டி நிற்பவர்களுக்கு நான் நேர் எதிரே தெரிவேன். ஜமீன் வேறு யாரையும் பார்க்கக் கூடாது, என்னை மட்டும் பார்க்க வேண்டும். மணி அடிக்கும்போது நான் கையைத் தூக்குவேன். தூக்கினால் திரும்ப வேண்டும். சரியாகத் திரும்பினால் ஒரு பிஸ்கட். முன்னாலேயே திரும்பினால் பிஸ்கட் இல்லை. மத்தியானத்துக்குள் பிடித்துக்கொண்டான். பக்கத்துப் பயல் இடித்தாலும் கண்ணை என்னை விட்டு எடுப்பதில்லை. கையைத் தூக்கியதும் சட்டென்று ஒரு திருப்பம், பட்டாளத்துக்காரன் கெட்டான்.

மிஸ் அசந்து போனார். "உனக்கு மட்டும் கேக்கறான் பாரு" என்றார். பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை, ஆனால் அது உண்மை. நான் பேசினால் என் வாயையே பார்க்கிறான். மரியாதை தெரிந்தவன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஃபைல்களைப் பெற்றோர் கையெழுத்துக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிக்கு முதுகுத் தாள் ஒட்டினோம். ஜமீனுக்குக் கலெக்டர். விரலெல்லாம் ஜிகினா. சோற்றிலும் ஜிகினா.

பிப்ரவரி 11, செவ்வாய். தைப்பூசம், லீவு

லீவு நாளிலும் லிட்டில் பெலிக்கன் என்னை விடவில்லை.

பழனிக்குப் போகிற காவடிக் கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வேடிக்கை பார்க்க வாசலில் நின்றேன். ஜமாப் மேளம் நெஞ்சுக்கூட்டையே ஆட்டியது. அந்தப் பக்கம் கௌசல்யா, இடுப்பில் ஜமீன். என்னைப் பார்த்ததும் அவன் கால் உதைத்து இறங்கினான். இறங்கியவன் மேளத்துக்குச் சரியாக அடி பிசகாமல் ஆடினான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கௌசல்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாரு கண்ணு, மேளத்துக்கு எப்புடி ஆடறான். காது கேக்காத பையன் ஆடுவானா?" பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினாள். என் இடது கை வரைந்த லாரிப் படம். கீழே "அம்மா". "நேத்து ராத்திரி இதப் பாத்துட்டுத் தூக்கமே இல்ல. வாயில வரலீன்னாலும் கைல வந்துருச்சு பாரு. என்ற மாமியாரே அழுதுட்டாங்க."

நான் மேளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கூடவே இருக்கறே, மெய்யாச் சொல்லு. அவன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பறானா?"

"எனக்குத் திரும்புவானுங்க" என்றேன்.

"இது அவனே எழுதுனதுதான?"

"ஆமாங்க."

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். திங்கட்கிழமை கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை என்றாள். கடையில் லீவு கேட்டிருந்ததை வேண்டாமென்று சொல்லிவிடுவாளாம். டோக்கனையும் விட்டுவிடுவாளாம்.

நல்லதுதான். ஆஸ்பத்திரி வாடையில் ஒரு நாள் உட்காருவதிலிருந்து ஜமீன் தப்பித்தான். நான் சொன்னதும் முழுப் பொய் இல்லை. மிஸ்ஸே சொன்னார், எனக்கு மட்டும் கேட்கிறான் என்று.

பிப்ரவரி 12, புதன்

எழுத ஒன்றுமில்லை. கரண்ட் இல்லை. தண்ணீர் பாட்டில்கள் கழுவினேன். தலைவலி.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். பொய் எழுதுவதற்குத்தான் அந்த இன்னொரு நோட்டு இருக்கிறதே.

நேற்றுக் காலை முழுக்க கரண்ட் இல்லை. ஸ்பீக்கர் இல்லை, ஃபேன் இல்லை. மற்ற பிள்ளைகளைக் கோகிலா பக்கத்து அறையில் தூங்கப் போட்டிருந்தாள். ஜமீன் மட்டும் ஹாலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் கழுவிய சாப்பாட்டுத் தட்டுகளோடு பின்னால் வந்தேன். "டேய் ஜமீன்" என்றேன். திரும்பவில்லை. "தர்ஷித்." திரும்பவில்லை. என்னிடமே திமிரா என்று எனக்கு ரோஷம் வந்தது. சத்தமாகக் கூப்பிட்டேன். பிறகு இரண்டு தட்டை எடுத்து அவன் தலைக்குப் பின்னால் மோதினேன்.

பக்கத்து அறையில் தூங்கிய அத்தனையும் வீறிட்டு எழுந்தன. கோகிலா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். ஜமீன் ஒரு சிவப்பு மூடியை எடுத்து, நீல மூடிக்குப் பக்கத்தில் வைத்து, அது நேராக இருக்கிறதா என்று பார்த்தான்.

இன்னும் ஒரு முறை மோதினேன். தட்டுகளைக் கீழே வைத்தேன். அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தான்.

அவன் யாரையும் அவமதிக்கவில்லை. அந்த ஸ்பீக்கரின் வாயைப் பொத்தவும் இல்லை. அது அதிர்வது அவன் கைக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். கதவை அடித்துச் சாத்தினால் தரை அதிர்கிறது. ஜமாப் அடித்தால் எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. இவ்வளவையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, இவனும் என்னை மாதிரி எல்லாரையும் வெறுக்கிறான் என்று நினைத்திருக்கிறேன். பூங்கொடி மிஸ்ஸை மண்டு என்று இந்த நோட்டில் எழுத நினைத்து, மரியாதைக்காக விட்டிருந்தேன். நல்ல வேளை விட்டேன்.

மிஸ்ஸிடம் இன்று சொன்னேன். "சனிக்கெழம விழா முடியட்டும் அம்முணி, அப்பறம் பாக்கலாம்" என்றார். முடிந்தால் திங்கள் வந்துவிடும், திங்களை விட்டால் சித்திரை என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடத்திடம் போனேன்.

மேடம் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ என்ன காது டாக்டரா? அவங்க வீட்டுப் பையன், அவங்க பாத்துக்குவாங்க. இன்னும் ரெண்டு வாரத்துல அட்மிஷன். ஊரே விழாவுக்கு வருது. 'அம்மா'ன்னு எழுதுனது பையனில்ல, நீதான்னு வெளிய வந்தா, மத்த ஃபைலெல்லாம் யாரு எழுதுனதுன்னு கேக்க மாட்டாங்களா? உனக்குச் சான்றிதழ் வேணுமா, வேண்டாமா?"

சரி, நேரே கௌசல்யாவிடம் சொல்லிவிடலாம் என்று சாயங்காலம் ஜவுளிக்கடைக்குப் போனேன். பில் போடுகிற இடத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளிடம், "நாஞ் சொன்னேனே, இந்தப் புள்ளதான். என்ற பையன் இவ சொன்னா அப்புடிக் கேப்பான்" என்றாள். போனின் முகப்பில் லாரிப் படம். பின்னால் நின்றவர் சீக்கிரம் சீக்கிரம் என்றார். "என்ன வேணும் கண்ணு?" என்று கேட்டாள்.

ஒரு கர்ச்சீப் வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்குக் கர்ச்சீப் தேவையில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒத்திகை. மணி அடித்தது, கையைத் தூக்கினேன், திரும்பினான். பிஸ்கட் வாங்கிக்கொண்டான். மேடம் எனக்குத் தட்டிக்கொடுத்தார். தட்டிய இடம் அரித்தது.

கோகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்து அழுதாள். "அவங்கம்மாட்டச் சொல்லிரலாம்டி பூர்வி" என்றாள். "அப்ப நீயே சொல்லு" என்றேன். "எனக்குப் பயமா இருக்குதுடி. சான்றிதழ் போயிட்டா எங்கப்பா தோல உரிச்சுருவாரு" என்றாள். செல்லம் கொஞ்ச மட்டும் தைரியம் இருக்கிறது, வேறெதற்கும் இல்லை, த்தூ என்று நினைத்தேன். கர்ச்சீப் பையில்தான் இருந்தது.

பிப்ரவரி 15, சனி

மண்டபம் நிரம்பி வழிந்தது. வாசலில் பன்னீர், உள்ளே சமோசா. மேடம் பட்டுப்புடவையில். ஆளுக்கொரு போனை நீட்டிக்கொண்டு அத்தனை பெற்றோர். கௌசல்யா இரண்டாவது வரிசையில், புதுச் சேலை. பக்கத்தில் மாமியார். லாரியை விட்டுவிட்டு அப்பாகூட வந்திருந்தார். ஜமீனுக்கு அங்கி தரையில் புரண்டது, தொப்பி காதை மூடியது. திரைக்கு இடையில் என்னைப் பார்த்ததும் அவனுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. கால்களைச் சேர்த்து வைத்து, பட்டாளத்துக்காரன் மாதிரி என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேடம் மைக்கில் பேசினார். லிட்டில் பெலிக்கனில் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாகக் கவனிக்கிறார்களாம். பேசவே பேசாத குழந்தைகூட இங்கே வந்து "அம்மா" என்று எழுதப் பழகியதாம். கைதட்டல். கௌசல்யா முந்தானையால் கண்ணைத் துடைத்ததைத் திரை இடுக்கில் பார்த்தேன்.

மணி அடித்தது.

டாக்டர்கள் திரும்பினார்கள், இன்ஜினீயர்கள் திரும்பினார்கள், எல்லாம் கும்பிட்டன. ஒரு கலெக்டர் மட்டும் முதுகைக் காட்டி நின்றான். என் கை பிஸ்கட்டோடு என் பாவாடைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் அதைத் தூக்கவில்லை.

"கையத் தூக்குடி" என்றாள் கோகிலா பின்னாலிருந்து. நான் தூக்கவில்லை. ஜமீன் என்னையே பார்த்தான். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான். ஞாபகப்படுத்துவது மாதிரி லேசாகச் சிரித்தான்.

மேடம் மறுபடி அடித்தார். கூட்டம் சிரித்தது. குழந்தை குறும்பு பண்ணுகிறது என்று நினைத்துக் கைகூடத் தட்டினார்கள். மூன்றாவது முறை மேடம் மணியை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து அடித்தார். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது. சில பெரியவர்கள் காதைப் பொத்தினார்கள். அவன் நின்ற இடத்திலிருந்து இம்மியும் அசையவில்லை. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கௌசல்யா எழுந்தாள். மாமியார் சேலையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டு மேடைக்கு ஏறி வந்தாள். "தர்ஷித்து" என்றாள் மெதுவாக. பிறகு சத்தமாக. பிறகு அவன் முதுகுக்கு நேர் பின்னால், தொட்டுவிடலாம் போலக் கிட்டத்தில் நின்று, தொடாமல், "சாமி, அம்மா கூப்பிடறேன்" என்றாள்.

அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்த்தவள் என்னைக் கண்டுகொண்டாள். "கூப்பிட்டா உனக்குத் திரும்புவான்னு சொன்னியே கண்ணு" என்றாள்.

"பொய்யிங்க" என்றேன்.

"அம்மான்னு எழுதுனது?"

"நாந்தானுங்க. எடது கைல."

திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கீழே உட்கார்ந்து, அவன் தோளைத் தொட்டு, மெல்லத் தன் பக்கம் திருப்பினாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு ஒரே ஆச்சரியம். அவள் பின்னால் வந்து நின்றதே அவனுக்குத் தெரியாதே. தூக்கிக்கொண்டு இறங்கினாள். தொப்பி மேடையிலேயே விழுந்து கிடந்தது. குழந்தைக்குக் கொஞ்சம் களைப்பு என்று மேடம் மைக்கில் சொன்னார். உடனே ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள்.

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று பூங்கொடி மிஸ் வந்து சொன்னார். சான்றிதழ் கிடையாது, மேடமே எங்கள் பள்ளிக்கு போன் பண்ணப் போகிறாராம். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். பிறகு, "அவங் காத நானே திருகினேன்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்கிற நிலையில் நான் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பயிற்சி நோட்டில் மீதி இருந்த இனிய அனுபவங்களைக் கிழித்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் சும்மா பஸ் ஸ்டாண்டுக்குள் போனேன். சும்மாதான். கோயம்புத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் முறுக்கு விற்கிறவரோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பஸ் போனது. அதில் அவர்கள் இல்லை. மாமியார் ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். பள்ளி மணி அடித்திருக்கும். இன்னொரு பஸ் வரட்டும் என்று நின்றேன்.

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரமாகக் கௌசல்யா இருந்தாள். மடியில் டாக்டர் சீட்டு வைத்த மஞ்சள் பை, அதன் மேல் ஜமீன். பக்கத்தில் அவன் அப்பா. கௌசல்யா என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அவன் தோளைத் தொட்டு, ஜன்னல் பக்கம் விரலைக் காட்டினாள். ஜமீன் என்னைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

பஸ் நகர்ந்தது. டாட்டா காட்டலாமென்று கையைத் தூக்கினேன்.

உடனே அம்மா மடியில் எழுந்து நின்று, கால்களைச் சேர்த்து, சட்டென்று திரும்பி எனக்கு முதுகைக் காட்டினான். பிறகு கழுத்தை மட்டும் வளைத்து, சரியாகச் செய்தேனா என்று பார்த்து, ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினான்.

என்னிடம் பிஸ்கட் இல்லை.